நடக்காத சண்டையும் நடந்த யுத்தமும்

கடலில் ஒரு சண்டை நடந்தது என்றார்கள். அதைக் காரணமாகக் காட்டி, ஒரு பெரிய நாடு யுத்தத்தில் இறங்கியது. அந்த யுத்தத்தில் 58 ஆயிரத்துக்கும் அதிகமான அமெரிக்கர்கள் மாண்டார்கள். வியட்நாம் மக்களில் மாண்டவர்கள் பல லட்சம் பேர்.

அந்தக் கடல் சண்டை நடந்ததா?

நடக்கவே இல்லை!

இதைச் சொன்னது அமெரிக்காவின் எதிரிகள் அல்ல. அமெரிக்க சர்க்காரின் சொந்த உளவு இலாகாவில் வேலை பார்த்த சரித்திர ஆசிரியர், பழைய ரகசியத் தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த உண்மை இது. அந்த உண்மை வெளியே வர 41 ஆண்டுகள் ஆயின.

ஒரு பொய் எப்படிப் பிறந்தது? அதை நம்பியவர்கள் யார்? மறைத்தவர்கள் யார்? அது எப்படி வெளிப்பட்டது? யுத்தமும் அரசியலும் கைகோத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள, இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இரண்டாகப் பிரிந்த நாடு

வியட்நாம், ஆசியாவின் கிழக்கே கடலோரமாக நீண்டு கிடக்கும் நாடு. நீண்ட காலம் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். 1954-ம் ஆண்டு அவர்கள் தோற்று வெளியேறினார்கள். நாடு இரண்டாகப் பிரிந்தது. வடக்கே கம்யூனிஸ்டு ஆட்சி. தலைவர் ஹோ சி மின். தெற்கே அமெரிக்காவின் ஆதரவு பெற்ற ஆட்சி.

தெற்கில் உள்நாட்டுக் கலகம் மூண்டது. கலகக்காரர்களுக்கு வடக்கு உதவி செய்தது. தெற்கு சர்க்காருக்கு அமெரிக்கா உதவி செய்தது. "நாங்கள் சண்டை போட வரவில்லை. யோசனை சொல்லவும், பயிற்சி கொடுக்கவும்தான் வந்திருக்கிறோம்" என்பது அமெரிக்காவின் பேச்சு. 1963-ம் ஆண்டு முடிவில் இப்படி "யோசனை சொல்ல" வந்திருந்த அமெரிக்க ராணுவத்தினர் மட்டும் சுமார் 16 ஆயிரம் பேர்!

அந்த ஆண்டு நவம்பர் மாதம் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். துணை ஜனாதிபதியாக இருந்த லிண்டன் ஜான்சன் ஜனாதிபதி ஆனார். மறு ஆண்டு தேர்தல். இந்த நிலையில்தான் நம் கதை தொடங்குகிறது.

முதல் சண்டை உண்மை

வட வியட்நாமின் கிழக்கே உள்ள கடலுக்கு டோங்கின் வளைகுடா என்று பெயர். 1964-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி. "மேடாக்ஸ்" என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் அந்தக் கடலில் சுற்றிக்கொண்டிருந்தது.

பட்டப்பகல். வட வியட்நாமின் 3 படகுகள் அதை நோக்கிப் பாய்ந்து வந்தன. அவை டார்ப்பிடோ படகுகள். தண்ணீருக்குள்ளேயே பாய்ந்து போய், கப்பலின் அடிவயிற்றில் மோதி வெடிக்கும் குண்டுதான் டார்ப்பிடோ.

சண்டை நடந்தது. டார்ப்பிடோக்கள் குறி தவறின. மேடாக்ஸ் மீது ஒரே ஒரு எந்திரத் துப்பாக்கிக் குண்டு பட்டது. அமெரிக்கர்கள் யாருக்கும் காயம் இல்லை. அமெரிக்கப் போர் விமானங்களும் பறந்து வந்து சுட்டன. 3 படகுகளும் சேதம் அடைந்து திரும்பின.

இந்தச் சண்டை உண்மையாக நடந்தது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

மறைத்த பாதி

"சும்மா போய்க்கொண்டிருந்த எங்கள் கப்பலை வட வியட்நாம் தாக்கிவிட்டது" என்று அமெரிக்கா உலகத்துக்குச் சொன்னது.

சும்மாவா போய்க்கொண்டிருந்தது?

இல்லை. மேடாக்ஸ் போனது உளவு பார்க்க. கரையில் உள்ள ராடார் நிலையங்களையும், ரேடியோ பேச்சுகளையும் ஒட்டுக் கேட்கும் கருவிகள் அதில் இருந்தன.

இன்னொரு ரகசியமும் உண்டு. அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, ஜூலை 30-ந் தேதி நள்ளிரவில், தெற்கிலிருந்து போன வேகப் படகுகள் வட வியட்நாமின் இரண்டு தீவுகளைச் சுட்டுவிட்டுத் திரும்பியிருந்தன. படகில் போனவர்கள் தென் வியட்நாம்காரர்கள். ஆனால் திட்டம் அமெரிக்காவுடையது. படகும் பயிற்சியும் அமெரிக்கா கொடுத்தவை.

தீவைச் சுட்டவர்கள் மறைந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் அந்தப் பக்கமாக ஒரு போர்க் கப்பல் வருகிறது. வட வியட்நாம்காரர்கள் என்ன நினைப்பார்கள்?

முதலில் சுட்டவர்கள் யார் என்பதிலும் உண்மை மறைக்கப்பட்டது. படகுகள் நெருங்கியதும் எச்சரிக்கையாக முதலில் சுட்டது மேடாக்ஸ்தான். இதுவும் பல ஆண்டுகள் கழித்தே வெளியே தெரிந்தது.

ஆகவே, முதல் நாள் சொன்னது முழுப் பொய் அல்ல. பாதி உண்மை. முழுப் பொய்யை ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பிடித்துவிடலாம். பாதி உண்மையைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

இருட்டில் ஒரு ராத்திரி

ஆகஸ்டு 4-ந் தேதி. மேடாக்ஸ் மறுபடியும் அதே கடலுக்குப் போனது. துணைக்கு "டர்னர் ஜாய்" என்ற இன்னொரு கப்பல்.

ராத்திரி. கன்னங்கரிய இருட்டு. மழை மேகம். காற்றும் அலையும் பலமாக இருந்தன. மாலுமிகளின் மனதிலோ, "இன்றும் வருவார்கள்" என்ற பயம்.

ராடார் திரையில் புள்ளிகள் தோன்றின. மறைந்தன. மறுபடி தோன்றின. தண்ணீருக்கு அடியில் எழும் ஓசையைக் கேட்டுச் சொல்லும் கருவிக்கு சோனார் என்று பெயர். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் "டார்ப்பிடோ வருகிறது!" என்றார். கப்பல் வளைந்து திரும்பியது. "இன்னொன்று!" என்றார். கப்பல் மறுபடியும் திரும்பியது. இப்படி 20-க்கும் மேற்பட்ட டார்ப்பிடோக்கள் வந்ததாகக் கணக்கு ஆயிற்று.

இரண்டு கப்பல்களும் இருட்டை நோக்கி மணிக்கணக்கில் சுட்டுத் தள்ளின.

மேலே ஒரு போர் விமானம் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்ற கடற்படை விமானி. எதிரிப் படகைத் தேடித் தாழப் பறந்தார். அவர் கண்ணில் ஒரு படகும் படவில்லை. கறுத்த தண்ணீரும், அமெரிக்கக் கப்பல்கள் சுடும் வெளிச்சமும் தவிர, அங்கே எதுவும் இல்லை என்று பின்னால் எழுதினார்.

அப்படியானால் அந்த 20 டார்ப்பிடோ?

கப்பல் வேகமாக வளைந்து திரும்பும்போது, அதன் சொந்தச் சுழல்விசிறியின் ஓசை சுக்கானில் பட்டு சோனாரில் எதிரொலித்தது. தன் ஓசையையே எதிரியின் ஓசை என்று கப்பல் நினைத்துவிட்டது! இருட்டில் தன் காலடிச் சத்தத்தைக் கேட்டே "பேய்" என்று ஓடுகிறவனைப் போன்ற கதைதான்.

"அவசரப்படாதீர்கள்" என்ற தந்தி

கப்பல்களுக்குத் தலைமை வகித்தவர் ஜான் ஹெரிக் என்ற அதிகாரி. யோக்கியமான மனிதர். சுடுவது நின்றதும் நிதானமாக யோசித்தார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மேலிடத்துக்குத் தந்தி அனுப்பினார்.

டார்ப்பிடோ வந்ததாகச் சொன்னவற்றில் பல சந்தேகத்துக்கு உரியவை. மோசமான வானிலையும், ஆர்வம் மிகுந்த சோனார்காரர்களுமே காரணமாக இருக்கலாம். மேடாக்ஸில் எவரும் எதிரியைக் கண்ணால் காணவில்லை. முழுவதும் விசாரித்துப் பார்க்காமல் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம். இதுதான் அந்தத் தந்தியின் சாரம்.

மேலிடத்திலிருந்து அவரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "தொடக்கத்தில் எதிரி பதுங்கி வந்தது நிஜம் என்றுதான் தோன்றுகிறது. மற்றதெல்லாம் குழப்பம்" என்கிற மாதிரி பதில் வந்தது. டர்னர் ஜாய் கப்பலில் இருந்த சிலர், "நாங்கள் பார்த்தோம்" என்றும் சொன்னார்கள்.

ஆக, அன்று வாஷிங்டனுக்குக் கிடைத்த சேதி, "தாக்கினார்கள்" என்பது அல்ல. "தாக்கினார்களா என்று சந்தேகம்" என்பதுதான்.

ஜனாதிபதியின் வாயிலிருந்து வந்தபோது அந்தச் சந்தேகம் காணாமல் போய்விட்டது!

டெலிவிஷன் பேச்சு

அதே ஆகஸ்டு 4-ந் தேதி. வாஷிங்டனில் ராத்திரி 11 மணி 36 நிமிஷம். ஜனாதிபதி ஜான்சன் டெலிவிஷனில் தோன்றினார். அமெரிக்கக் கப்பல்கள் மறுபடியும் தாக்கப்பட்டதாக அறிவித்தார். பதிலடி கொடுக்க விமானங்கள் புறப்பட்டுவிட்டன என்றார்.

மறுநாள் ஒரு கூட்டத்தில் பேசும்போது, நாம் எதுவும் செய்யாமல் இருந்தபோது வேண்டுமென்றே தாக்கினார்கள் என்றார்.

ஆனால் முந்தின நாள் நடந்த ரகசியக் கூட்டத்தில், உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.வின் தலைவர் மெக்கோன் அவரிடம் சொன்னது வேறு. தங்கள் தீவுகளை நாம் தாக்கியதால்தான் வட வியட்நாம்காரர்கள் தற்காப்புக்காக இப்படிச் செய்கிறார்கள் என்று அவர் விளக்கியிருந்தார். அறைக்குள் ஒரு பேச்சு. மேடையில் ஒரு பேச்சு!

பதிலடி கொடுக்கப் போன விமானங்களில் ஒன்றை ஓட்டியவர், முதல்நாள் ராத்திரி ஒரு படகையும் பார்க்காத அதே ஸ்டாக்டேல். உத்தரவு உத்தரவுதான். போய் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கிவிட்டு வந்தார். அன்று ஒரு அமெரிக்க விமானி இறந்தார். ஆல்வரெஸ் என்ற இன்னொரு விமானி பிடிபட்டார். அவர் சிறையிலிருந்து வீடு திரும்ப 8 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அடுத்த ஆண்டு ஸ்டாக்டேலும் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டார். ஏழரை ஆண்டு சிறை. சித்திரவதை. "அந்த ராத்திரி கடலில் யாரும் இல்லை என்ற ரகசியத்தை என் வாயிலிருந்து பிடுங்கிவிடுவார்களோ" என்ற பயமே அவரை வாட்டியது. சர்க்கார் சொன்ன பொய்யை, சிறையில் ஒரு வீரன் சுமந்துகொண்டிருந்தான்.

துணிந்தவர்கள் இரண்டே பேர்

அமெரிக்க சட்டப்படி யுத்தப் பிரகடனம் செய்யும் அதிகாரம் ஜனாதிபதிக்குக் கிடையாது. அது காங்கிரஸ் என்று அழைக்கப்படும் அவர்களுடைய பார்லிமெண்டுக்குத்தான் உண்டு.

ஜான்சன் காங்கிரஸிடம் ஒரு தீர்மானம் கொண்டு போனார். "ஆசியாவின் அந்தப் பகுதியில் தேவையான எல்லா நடவடிக்கையும் எடுக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் தருகிறோம்" என்பது அதன் கருத்து. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போன்ற தீர்மானம்! இப்படி ஒரு தீர்மானத்தின் நகலை, கடல் சண்டைக்குச் சில மாதங்கள் முன்பே தயாரித்து வைத்திருந்தார்கள் என்பது பிறகு வெளிப்பட்டது. குழந்தை பிறக்கும் முன்பே பெயர் வைத்தாகிவிட்டது.

செனட் சபையில் ராணுவ மந்திரி மக்நமாராவைக் கேள்வி கேட்டார்கள். தீவுகள் மீது நடந்த தாக்குதலில் நம் கடற்படைக்குப் பங்கு உண்டா என்று கேட்டார்கள். எந்தப் பங்கும் இல்லை, கடற்படைக்கு அது தெரியவே தெரியாது என்று அடித்துச் சொன்னார். ஹெரிக்கின் தந்தியைப் பற்றி அந்தச் சபைக்குத் தெரிவிக்கவில்லை.

ஆகஸ்டு 7-ந் தேதி ஓட்டெடுப்பு. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 416. எதிர்ப்பு பூஜ்யம். செனட் சபையில் ஆதரவு 88. எதிர்ப்பு 2.

எதிர்த்த அந்த இரண்டு பேர் வெய்ன் மார்ஸ், எர்னஸ்ட் குரூனிங். மார்ஸுக்கு ராணுவ இலாகாவிலிருந்து பெயர் சொல்லாத ஒருவர் போன் செய்து, அந்தக் கப்பல் என்ன வேலையாகப் போனது என்று விசாரிக்கும்படி சொல்லியிருந்தார். மார்ஸ் சபையில் எழுந்து கத்தினார். கேட்க ஆள் இல்லை.

1968-ம் ஆண்டு தேர்தலில் அந்த இரண்டு பேருமே தோற்றார்கள். உண்மை பேசுகிறவனுக்கு ஊர் உடனே மாலை போடுவதில்லை.

பத்திரிகைகளும் தங்கள் கடமையைச் செய்யவில்லை. சில பத்திரிகைகள் அந்த இருட்டுச் சண்டையை, கரையில் நின்று கண்ணால் கண்டது போல வர்ணித்து எழுதின.

தேர்தல் பேச்சு

ஆகஸ்டில் தீர்மானம். நவம்பரில் தேர்தல். ஆசிய வாலிபர்கள் செய்யவேண்டிய வேலைக்காக, நம் வீட்டுப் பிள்ளைகளை 9 ஆயிரம், 10 ஆயிரம் மைல் தாண்டி அனுப்ப மாட்டோம் என்று ஜான்சன் தேர்தல் கூட்டத்தில் சொன்னார். தாய்மார்கள் நம்பினார்கள். நூற்றுக்கு 61 ஓட்டு வாங்கி அமோக வெற்றி பெற்றார்.

அவர் அப்படிப் பேசிய நாட்களிலேயே, வட வியட்நாம் மீது குண்டு போடும் திட்டங்களை அதிகாரிகள் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

1965-ம் ஆண்டு மார்ச் மாதம் தொடர்ச்சியான குண்டுவீச்சு தொடங்கியது. அதே மாதம் 8-ந் தேதி அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் 3,500 பேர் வியட்நாம் கரையில் இறங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 1 லட்சத்து 84 ஆயிரம் பேர். 1969-ம் ஆண்டில் 5 லட்சத்து 43 ஆயிரம் பேர்!

யாருக்காக இந்த யுத்தம்? "வியட்நாம் மக்களின் சுதந்திரத்துக்காக" என்று மேடையில் பேசினார்கள். ஆனால் ராணுவ இலாகாவின் உயர் அதிகாரி மக்நாட்டன், 1965-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு ரகசியக் குறிப்பு எழுதினார். அதில் யுத்தத்தின் நோக்கத்தைப் பங்கு போட்டிருந்தார். அமெரிக்காவுக்கு அவமானமான தோல்வி வராமல் தடுப்பது நூற்றுக்கு 70 பங்கு. சீனாவின் கைக்கு நாடு போகாமல் தடுப்பது 20 பங்கு. வியட்நாம் மக்கள் நல்வாழ்வு வாழ்வதற்காக 10 பங்கு!

அந்தப் பத்துப் பங்கை மட்டுமே ஜனங்களிடம் சொன்னார்கள்.

7 ஆயிரம் பக்கம்

பொய்யைச் சொன்னவர்களே உண்மையை எழுதியும் வைத்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் பெரிய ஆச்சரியம்.

யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே மக்நமாராவின் மனம் மாறத் தொடங்கியது. "நாம் எப்படி இந்தச் சேற்றில் மாட்டிக்கொண்டோம்? எழுதுங்கள்" என்று 1967-ம் ஆண்டு உத்தரவு போட்டார். 36 பேர் உட்கார்ந்து எழுதினார்கள். 47 பாகங்கள். சுமார் 7 ஆயிரம் பக்கங்கள். "பரம ரகசியம்" என்று முத்திரை குத்தி, சில பிரதிகளை மட்டும் பூட்டி வைத்தார்கள்.

அந்த வேலையில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் டேனியல் எல்ஸ்பர்க். பெரிய படிப்பாளி. முன்பு ராணுவத்தில் இருந்தவர். வியட்நாமுக்கும் போய்ப் பார்த்தவர். அவர் ராணுவ இலாகாவில் முழுநேர வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எது தெரியுமா? 1964-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி! ஹெரிக்கின் தந்திகளை அவர் அன்றே பார்த்தார். உண்மை அவருக்கு முதல் நாளே தெரியும். ஆனாலும் பேசவில்லை. மற்றவர்களைப் போல அவரும் வாயை மூடிக்கொண்டார்.

1969-ம் ஆண்டு ஒரு கூட்டத்துக்குப் போனார். ஒரு வாலிபர் பேசினார். யுத்தத்துக்குப் போக மறுத்துச் சிறைக்குப் போகப் போவதாகச் சொன்னார். அதில் வருத்தம் இல்லை, பெருமைதான் என்றார். எல்ஸ்பர்க் வெளியே போய்த் தனியாக உட்கார்ந்து அழுதார். "இந்தப் பையன் சிறைக்குத் துணிகிறான். நான் என்ன செய்தேன்?" என்ற கேள்வி அவரைக் குடைந்தது.

பிள்ளைகளும் உதவினார்கள்

அந்த ஆண்டு அக்டோபர் மாதம் வேலை தொடங்கியது. சாயங்காலம் பையில் ரகசியக் காகிதங்களை வைத்துக்கொண்டு காவலாளியைக் கடந்து வெளியே வருவார். ஒரு நண்பருடன் சேர்ந்து ராத்திரி முழுவதும் நகல் எந்திரத்தில் பக்கம் பக்கமாக நகல் எடுப்பார். விடிந்ததும் காகிதங்கள் இருந்த இடத்துக்குப் போய்விடும். இப்படிப் பல மாதம்.

13 வயது மகனும், 10 வயது மகளும்கூட ஒரு நாள் உதவிக்கு வந்தார்கள். பையன் நகல் எடுத்தான். சிறுமி கத்தரிக்கோலால் "பரம ரகசியம்" என்ற முத்திரையை வெட்டி எடுத்தாள். "நாளை நான் சிறைக்குப் போனால், அப்பா புத்தி தெளிவாகத்தான் இதைச் செய்தார் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்" என்பது எல்ஸ்பர்க்கின் எண்ணம்.

நகல்களைச் செனட்டர்களிடம் கொண்டு போனார். யாரும் வெளியிடத் துணியவில்லை. கடைசியில் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையின் நிருபர் நீல் ஷீகனிடம் போனார்.

குட்டு வெளிப்பட்டது

1971-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அப்போதைய ஜனாதிபதி நிக்சனின் மகளுக்கு முதல்நாள்தான் கல்யாணம். கல்யாணப் படம் முதல் பக்கத்தில் வந்திருந்தது. அதே பக்கத்தில் இந்தச் சேதியும் வந்தது!

ட்ரூமன், ஐசனோவர், கென்னடி, ஜான்சன் என்று நான்கு ஜனாதிபதிகளும் வியட்நாம் பற்றி ஜனங்களிடம் சொன்னது ஒன்று, உள்ளே பேசியது வேறு என்பது அம்பலமாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தார்கள். ஒரு பத்திரிகை சோற்றைக் கிளறிவிட்டது.

"இது நாட்டின் ரகசியம். மேலே அச்சிடக்கூடாது" என்று சர்க்கார் கோர்ட்டுக்குப் போய்த் தற்காலிகத் தடை வாங்கியது. டைம்ஸ் நிறுத்தியது. உடனே "வாஷிங்டன் போஸ்ட்" வெளியிட்டது. அதையும் நிறுத்தப் பார்த்தார்கள். வேறு பத்திரிகைகள் வெளியிட்டன.

ஜூன் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு. 9 நீதிபதிகளில் 6 பேர் பத்திரிகைகளின் பக்கம். தடை நீங்கியது.

எல்ஸ்பர்க் மீது வழக்கு. எல்லாக் குற்றமும் ருசுவானால் 115 ஆண்டு சிறை! ஆனால் விசாரணை நடக்கும்போது இன்னொரு குட்டு உடைந்தது. எல்ஸ்பர்க் மீது அவதூறு தேடுவதற்காக, நிக்சனின் வெள்ளை மாளிகை ஆட்கள் அவருடைய மனநல வைத்தியரின் அலுவலகத்தில் புகுந்து திருடியிருந்தார்கள். சர்க்காரின் செய்கை இப்படி இருந்ததால், 1973-ம் ஆண்டு மே 11-ந் தேதி நீதிபதி வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டார். அந்தத் திருட்டுக் கூட்டத்தின் தலைவர்கள்தான் வாட்டர்கேட் திருட்டுக்கும் திட்டம் போட்டவர்கள். அந்த ஊழலில் சிக்கி நிக்சன் 1974-ம் ஆண்டு ஆகஸ்டில் பதவி விலகினார்.

எல்ஸ்பர்க் 92 வயது வரை வாழ்ந்து, 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் காலமானார்.

பொய் பிறந்த இடம்

1995-ம் ஆண்டு மக்நமாரா வியட்நாமுக்குப் போனார். ஒரு காலத்தில் எதிரித் தளபதியாக இருந்த ஜெனரல் கியாப்பைச் சந்தித்தார். ஆகஸ்டு 4-ந் தேதி என்னதான் நடந்தது என்று கேட்டார். ஒன்றுமே நடக்கவில்லை என்று பதில் கிடைத்தது. கேட்கவேண்டிய கேள்விதான். 31 ஆண்டுகள் கழித்துக் கேட்டார்!

தேசியப் பாதுகாப்பு ஏஜென்சி என்பது ஒட்டுக் கேட்கும் வேலை செய்யும் அமெரிக்க இலாகா. அதன் சரித்திர ஆசிரியர் ராபர்ட் ஹான்யோக் பழைய கோப்புகளை ஆராய்ந்தார். அவர் கண்ட உண்மை 2005-ம் ஆண்டு நவம்பரில் வெளியிடப்பட்டது. அன்று ராத்திரி வட வியட்நாம் பேசிய ரேடியோ பேச்சு, தாக்குதலைப் பற்றியது அல்ல. இரண்டு நாளுக்கு முன் சேதமான படகுகளை இழுத்து வருவது பற்றியது. ஒட்டுக் கேட்ட சேதிகளில் சுமார் பத்தில் ஒன்பது பங்கை மேலிடத்துக்குக் காட்டாமலே விட்டிருந்தார்கள். "சண்டை நடந்தது" என்ற கதைக்குப் பொருந்தியவற்றை மட்டும் அனுப்பினார்கள்.

ஜனாதிபதி கட்டளையிட்டு இதைச் செய்யச் சொன்னதற்குச் சான்று கிடைக்கவில்லை. தாங்கள் முதலில் செய்த தவறை மறைக்கவே அதிகாரிகள் இப்படிச் செய்தார்கள் என்பது அவருடைய முடிவு.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். ஒரு வில்லன் உட்கார்ந்து முழுப் பொய்யையும் தயாரிக்கவில்லை. மாலுமி பயந்தான். அதிகாரி தவறை மறைத்தான். மந்திரி சந்தேகத்தை மறைத்தார். ஜனாதிபதிக்குத் தேர்தலில் வீரம் காட்ட வேண்டியிருந்தது. காங்கிரஸ் கேள்வி கேட்கவில்லை. பத்திரிகை விசாரிக்கவில்லை. ஒவ்வொருவர் சுமந்ததும் சின்னப் பொய். எல்லாம் சேர்ந்தபோது யுத்தம்!

மீண்டும் அதே கதை

அமெரிக்கா பாடம் கற்றதா? கற்றது போல இருந்தது. டோங்கின் தீர்மானம் 1971-ம் ஆண்டு ரத்தானது. காங்கிரஸின் அனுமதி இல்லாமல் 60 நாளுக்கு மேல் ஜனாதிபதி யுத்தம் நடத்தக்கூடாது என்று 1973-ம் ஆண்டு சட்டம் வந்தது.

ஆனால் 2003-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி, வெளிநாட்டு மந்திரி காலின் பவல் ஐ.நா. சபையில் பேசினார். ஈராக்கிடம் நாசகார ஆயுதங்கள் மறைந்திருப்பதாகச் சொன்னார். ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். அடுத்த மாதம் யுத்தம். ஈராக் முழுவதும் தேடினார்கள். அவர் சொன்ன ஆயுதக் குவியல் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சு தன் வாழ்க்கையில் ஒரு கறை என்று பவல் பிறகு ஒப்புக்கொண்டார்.

அங்கேயும் உளவு அதிகாரிகளுக்குச் சந்தேகம் இருந்தது. அங்கேயும் மேலே போகப் போகச் சந்தேகம் கரைந்து, "நிச்சயம்" ஆகிவிட்டது.

மூன்று கேள்விகள்

யுத்த முரசு கொட்டும்போது ஜனங்களின் ரத்தம் சூடேறுகிறது. கேள்வி கேட்டவன் தேசத்துரோகி ஆகிவிடுகிறான். பொய்க்கு அதைவிட நல்ல நேரம் வேறு கிடையாது. எந்த நாடாக இருந்தாலும் சரி, அந்த நேரத்தில் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

"தாக்கினான்" என்கிறீர்களே, கண்ணால் கண்டவர் யார்?

அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது?

விசாரித்து முடிப்பதற்குள் ஏன் இத்தனை அவசரம்?

1964-ம் ஆண்டு ஆகஸ்டில் இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் வாஷிங்டனிலேயே இருந்தது. ஹெரிக்கின் தந்தியில் இருந்தது. மெக்கோனின் பேச்சில் இருந்தது. சுட்டுவிட்டுத் திரும்பிய படகுகளின் ரகசியக் கோப்பில் இருந்தது. ஜனங்களிடம் மட்டும்தான் இல்லை.

வாஷிங்டன் நகரில் ஒரு கறுப்புக் கல் சுவர் இருக்கிறது. 1982-ம் ஆண்டு கட்டியது. வியட்நாம் யுத்தத்தில் மாண்ட 58 ஆயிரத்துக்கும் அதிகமான அமெரிக்கர்களின் பெயர்களை அதில் வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். வயதான தாய்மார்கள் வந்து, தங்கள் மகனின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வியட்நாமில் மாண்ட லட்சக்கணக்கான பேருக்கு அப்படி ஒரு சுவர் கட்டுவதென்றால், அது எத்தனை மைல் நீளும்?

"விசாரிக்கும் வரை பொறுங்கள்" என்று ஹெரிக் கேட்டார். அன்று பொறுத்திருந்தால், அந்தச் சுவரில் பெயர்கள் எவ்வளவோ குறைந்திருக்கும்.